வலப்பக்கம் மிக்கேல், இடப்பக்கம் கபிரியேல்

அர்த்தநாரிக்கு வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவார். குழம்பு போதும் என்றால் உள்ளங்கையைக் குப்புறப் பிடித்து இரண்டு ஆட்டு. சீக்கிரம் என்றால் ஒற்றை விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு சுழற்று. வாய் பேச வராதவர் அல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. பாறையைத் துளைத்துக் கிணறு போடுகிற அந்த வண்டியில் கம்ப்ரசர் உறும ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்பவன் ‘செத்தேன்’ என்று அலறினாலும் வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரிக்காரர்களுக்குப் பேச்செல்லாம் கைதான். பல வருசம் அப்படியே பேசிப் பழகி, வாய் என்பது சாப்பிடுவதற்கு மட்டும் என்று அர்த்தநாரி முடிவுகட்டிவிட்டார்.

ஊர் உலகத்துக்கு அந்தப் பாஷை தெரியுமா? ஒரு கல்யாணப் பந்தியில் ‘நெய் போதும்’ என்று இவர் ஆட்டிய கையை, பரிமாறியவர் ‘நல்லாப் பரப்பி ஊத்து’ என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அர்த்தநாரி நெய்யில் நீச்சலடித்துத்தான் கரையேறினார்.

“ஏனுங்க, இது ஊடுங்க” என்பார் மனைவி பூவாத்தாள். “இங்க கம்ப்ரசர் ஓடுலீங்க. வாயத் தொறந்துதான் கேளுங்களே, முத்தா உதுந்து போயிரும்?”

அர்த்தநாரி வாயைத் திறப்பார். யோசிப்பார். மூடிக்கொண்டு கட்டைவிரலைக் காட்டுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விசயத்துக்கு மட்டும் வாய் ஓயாமல் பேசினார்.

நாக்பூர்ப் பக்கம் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் இவர் போட்ட துளையில் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது. தோட்டக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பாறைமாவு அப்பி விபூதி பூசின சாமியார் மாதிரி நின்ற அர்த்தநாரியை அப்படியே வீட்டுக்குள் இழுத்துப்போய், சோபாவில் பழைய போர்வை விரித்து உட்காரவைத்தார். எதிரே சுவரோரம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் தரையில் நின்றன. தோட்டக்காரர் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார்.

பெட்டி இரண்டு. பாட்டோ இரண்டிலிருந்தும் வரவில்லை. பாடுகிறவள் இரண்டுக்கும் நட்ட நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்று பாடினாள். அவள் மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரிவது கேட்டது. இந்தி ஒரு எழுத்துத் தெரியாத அர்த்தநாரிக்கு, அவள் தன்னிடம்தான் என்னவோ கேட்கிறாள் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்தார். ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஓர் எருமை. அது பாடவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு அந்த ஒரே ஆசை. கம்ப்ரசர் அடித்துத் துவைத்த காதுக்கு வீட்டில் ஒரு நாற்காலி, எதிரே இரண்டு பெட்டி, நடுவில் ஆள்.

“நடுவுல ஆளுன்னா, ஆம்பளயா பொம்பளயாங்க?” என்று பூவாத்தாள் கேட்டார்.

“பாட்டப் பொறுத்து.”

“பொம்பளன்னா எத்தன நேரம் நிப்பா?”

“பாட்டு முடியற வரைக்கும்.”

“நின்னுட்டுப் போகட்டும். அடுப்படிக்கு வரக்கூடாது, சொல்லிப்போட்டேன்.”

எண்பத்து நாலில் சங்ககிரிக்கு வெளியே, மலைக்கோட்டை ஜன்னலில் தெரிகிற மாதிரி, புது வீடு எழும்பியது. ஹாலில் ஒரு சுவரை மட்டும் ஜன்னல், அலமாரி, மாடம் ஒன்றும் வைக்காமல் மொட்டையாக விடச் சொன்னார் அர்த்தநாரி. கொத்தனார் காரணம் கேட்டதற்கு, “நடுவுல ஆளு நிக்கோணும்” என்றார். கொத்தனார் மறுநாள் கையில் கருப்புக் கயிறு கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

புண்ணியார்ச்சனைக்கு நாள் குறித்தாயிற்று. புது வீடு புகுகிற அன்றைக்குப் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர் வராமல் பால் பொங்காது. பூவாத்தாளுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அவர்கள் குரலை முதலில் சொல்லிவிட்டால் ஆளைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் மயில்சாமி லாரிக்காரர். எதிரே உட்கார்ந்திருப்பவரிடமும் எதிர்க்கரையில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். சங்ககிரிக் கடைவீதியில் அவர் ஒரு காபி கேட்டால் பக்கத்துக் கடையிலும் ஒரு காபி போட்டு வைப்பார்கள்.

தம்பி தங்கசாமிக்கு நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை. கோழி பதறினால் முட்டை குறைந்துபோகும். ஆகவே பண்ணைக்குள் ரகசியக் குரல். அந்தக் குரல் மெல்ல வெளியிலும் கூடவே வந்துவிட்டது. பஸ்ஸில் ‘நாமக்கல் ஒண்ணு’ என்று அவர் கேட்டால், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கண்டக்டர் குனிந்து, தோளைத் தொட்டு, “எப்பங்க?” என்பார்.

“பீரோவுங் கட்டிலும் ஊர்ல எல்லாந்தான் வெக்கறான்!” என்று மயில்சாமி முழங்கினார். “என்ற தங்கச்சி ஊட்டுக்கு நான் பாட்டுப் பெட்டி வெக்கறேன்! மாப்ளயோட ஆசை அது!”

“...நானும்” என்றார் தங்கசாமி.

“என்றா?”

“நானும் வெப்பனுங்கண்ணா.”

தகப்பனார் சின்னுசாமி காலமான பிறகு, அவர் இடத்தில் நின்று தங்கைக்கு, அக்காவுக்குச் செய்கிறவர் யார் என்பதில் இரண்டு பேருக்கும் ஓயாத போட்டி. ஆனால் இந்தத் தடவை சங்கடமே இல்லை. பெட்டி இரண்டு, மச்சான்கள் இரண்டு. ஆளுக்கு ஒன்று. ஆம்ப்ளிஃபயரும் டேப் டெக்கும் அர்த்தநாரியே டெல்லியிலிருந்து துணி மூட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார். கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி அவருக்குப் பட்டது.

சேலத்தில், அரிசிபாளையம் சர்ச்சுக்குப் பின்சந்தில் யாகப்பன் கடை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்மோனியம் வாசிப்பவர். மற்ற நாளில் ஸ்பீக்கர் பெட்டி செய்வார். கோவிலுக்கும் கடைக்கும் பெரிய வித்தியாசம் பார்க்காததால், தரையில் நிற்கிற இரண்டு மாடலுக்கும் சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், பெயரையே வைத்திருந்தார்.

“இது மிக்கேல்” என்று அகலப் பெட்டியைத் தட்டினார். “பிசாசெ மிதிச்சவரு. அடி ஒவ்வொண்ணும் இடி மாதிரி விழும். இது கபிரியேல். மாதாகிட்ட சேதி சொல்ல வந்தவரு. ஒரு வார்த்தெ சிந்தாது, சிதறாது. ரெண்டும் ஒசத்திதான். ஒங்க காதுக்கு எது புடிக்குதோ, அதுல ஒரு ஜோடி எடுத்துக்கங்க.”

முதலில் மிக்கேல் ஜோடி பாடியது. உருமி ஒன்று எழுந்து வந்து மயில்சாமியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அடித்தது. அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. மயில்சாமி கண்ணில் தண்ணீர்.

“அடடடடா! இது பொட்டி! பன்னெண்டு டன் லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறறாப்புல இருக்குது!”

தங்கசாமி மார்பில் கைவைத்துக்கொண்டு கடைக்கு வெளியே நின்றார். “இத வெச்சா” என்று கிசுகிசுத்தார், “நாமக்கல் வரைக்கும் ஒரு முட்டை தேறாதுங்க.”

அடுத்து கபிரியேல் ஜோடி. நாற்காலியில் நடுவே உட்கார்ந்திருந்த அர்த்தநாரிக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவில், யாகப்பன் மாட்டிவைத்திருந்த காலண்டருக்கு முன்னால், ஒரு பெண் வந்து நின்றாள். மூச்சு இழுத்தாள். நாக்பூரில் எருமைக்கு முன்னால் நின்றவளின் தங்கச்சியாக இருக்க வேண்டும்.

“வந்துட்டா” என்றார் அர்த்தநாரி.

“ஆரு மாப்ள?” என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார் மயில்சாமி.

“இதுதானுங்க எனக்கு” என்று தங்கசாமி கபிரியேலின் தலையைத் தடவினார், கோழியைத் தடவுகிற மாதிரி. “நான் இத வெக்கறேன்.”

“நான் மிக்கேலு!” என்றார் மயில்சாமி.

யாகப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணே, ஜோடின்னா ஒரே மாதிரிதான் இருக்கணும். ஒண்ணு அது, ஒண்ணு இதுன்னு வெச்சா கோணிக்கும்.”

“என்ன கோணும்? சேவலும் கோழியும் ஒண்ணாட்டமா இருக்குது? முட்டை வருதல்லோ?”

“அண்ணா, முட்டைக்கோழிக்குச் சேவல் வேண்டியதில்லீங்க.”

“நீ சும்மா இருடா! சின்னவன் வெச்ச பொட்டிய நான் ஏன் வெக்கோணும்? நாளைக்கு ஒறம்பரையெல்லாம் என்ன நாயம் பேசுவாங்க? ‘தம்பி காட்டுன பொட்டிய அண்ணன் வாங்கிப்போட்டான்’னு பேசுவாங்க!”

“நானும் அதேதானுங்க” என்றார் தங்கசாமி. இவ்வளவு மெதுவாக இவ்வளவு பிடிவாதமாக யாராலும் பேச முடியாது.

வேறு வழியில்லாமல் யாகப்பன் ஒரு பக்கம் மிக்கேலையும் ஒரு பக்கம் கபிரியேலையும் வைத்துப் பாடவிட்டார். அவ்வளவுதான். தபேலாக்காரர் எழுந்து மயில்சாமி லாரியில் ஏறிக்கொண்டார். வயலின்காரர்கள் தங்கசாமியின் பண்ணைக்குப் போய்விட்டார்கள். பாடுகிறவள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்து, கடைசியில் கபிரியேல் பக்கம் சாய்ந்து விழுந்தாள். நடுவில் காலண்டர் மட்டும் காற்றில் ஆடியது.

அர்த்தநாரி நாற்காலியை விட்டு எழுந்தார். இதைத் தடுத்தாக வேண்டும். பெட்டி இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், வேறே வேறே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெரிய விசயம் வந்தால் அவருக்கு வாய் வராது, கைதான் வரும். இரண்டு கை முட்டிகளையும் தூக்கி, ஒன்றோடொன்று சேர்த்து, அழுத்தமாக இரண்டு முறை முட்டிக் காட்டினார். ரிக்கில் அதற்கு ‘ரெண்டு ராடும் ஒரே அளவு’ என்று அர்த்தம்.

“பாத்தியாடா!” என்று மயில்சாமி துள்ளினார். “அண்ணனுந் தம்பியும் ஒண்ணு சேந்து நிக்கோணும்ங்கறாரு! மாப்ள மனசு ஆருக்கு வரும்!”

தங்கசாமி, “மச்சான்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யாகப்பன் கையில் முன்பணம் விழுந்தது. அர்த்தநாரியின் முட்டிகள் இரண்டும் இன்னும் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது பூவாத்தாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டார்.

“இப்பப் போயி ‘வேண்டாம்’னு சொல்லப் போறீங்களா?”

“ஒருத்தரு மாத்திக்கிட்டாப் போதும்.”

“ஆரு மாத்திக்குவாங்க? எங்கண்ணன் பெட்டிய வேண்டாம்னா அவரு வாசப்படி மிதிக்கமாட்டாரு. தம்பி பெட்டிய வேண்டாம்னா அவன் வந்து நின்னு ஒண்ணும் பேசாம, அப்படியே மூஞ்சியப் பாத்துப்போட்டுப் போயிருவான். அது அண்ணன் கத்தறதவிடக் கொடுமைங்க. ரெண்டு பேருல ஒருத்தரு வல்லீன்னாலும் இந்த ஊட்டுல நான் பாலு காச்சமாட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உங்களுக்கு நடுவுல நிக்கறவ முக்கியமா, பக்கத்துல நிக்கற நான் முக்கியமான்னு ரோசன பண்ணிக்கங்க.”

அர்த்தநாரி யோசனை பண்ணினார். விடியும்வரை பண்ணினார் என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கிவிட்டார். ஆனால் காலையில் எழுந்ததும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் பூவாத்தாள் வழிமறித்து, “ஏனுங்க, நடுச் செவுரு மொட்டையா கெடக்குது, எங்கய்யன் படத்த அங்க மாட்டிக்கட்டுங்களா?” என்று கேட்டார். யாகப்பனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அர்த்தநாரி, கேட்டது பாதி கேட்காதது பாதியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கடையில் அவர் வாயைத் திறந்து, முழு வாக்கியங்களாக, நாக்பூர் எருமையில் ஆரம்பித்து மனைவியின் மூக்குவரை சொல்லி முடித்தார். யாகப்பன் ஆர்மோனியக்காரர். நடுவில் நிற்கிற ஆளின் அருமை அவருக்குத் தெரியும்.

“அண்ணே, ஒரு வழி இருக்கு. வெளியே பாத்தா மிக்கேலும் கபிரியேலும். உள்ளே ரெண்டும் கபிரியேல்.”

“எப்படி?”

“சத்தம் வர்றது ஸ்பீக்கர்ல இருந்து. பெட்டி சட்டைதானே? ரெண்டு பெட்டிக்கும் ஒரே ஸ்பீக்கரைப் போட்டுடறேன். மிக்கேல் வயிறு பெருசு. உள்ளே ஒரு பலகையெ அடிச்சு, கபிரியேல் அளவுக்கு எடத்தெக் கொறச்சுடறேன். முன்னாடி துணி போத்திட்டா ஆருக்குத் தெரியும்?” சொல்லிவிட்டு, சர்ச் இருந்த திசையைப் பார்த்துக் காதைத் தொட்டுக்கொண்டார். “சேசு மரி சூசை! பொய் சொன்னாத்தானே பாவம்? கேக்காததெச் சொல்லாம வுட்டா?”

“பாவமில்லைங்க” என்றார் அர்த்தநாரி உடனே. வேறு மதத்துக்கு இவ்வளவு வேகமாகப் பாவமன்னிப்பு வழங்கியவர் அவராகத்தான் இருப்பார்.

“எதுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்ப சாமியார்கிட்டெ இதையும் ஒரு ஓரமா சொல்லிடறேன். பெரிய மச்சானெ மட்டும் அவரு பெட்டிகிட்டெ ஒட்டி ஒக்கார வையுங்க. பெட்டியெ மூலையிலெ வெச்சா கொஞ்சம் டொம்முனு கேக்கும். அவரு நம்பிக்குவாரு.”

புண்ணியார்ச்சனை அன்று விடிந்தும் விடியாமலும் சீர் வந்தது. முன்னால் மேளம். அதற்குப் பின்னால் மயில்சாமியின் லாரி, ஹாரனை அழுத்தியபடியே. மேலே பொறந்த வீட்டுத் தாம்பாளங்களுக்கு நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மிக்கேல். அதற்கும் பின்னால், மேளச் சத்தம் எட்டாத தூரத்தில், மெதுவாகத் தங்கசாமியின் முட்டை வேன். உள்ளே நாலாபக்கமும் முட்டை அட்டை முட்டுக் கொடுத்து, கீறல் படாமல், அதே மாலையோடு கபிரியேல்.

“இதென்ன சாமி, துணி வெக்கற பீரோவா?” என்று கேட்டார் பெருமாயி. காலமான சின்னுசாமியின் அக்கா, மச்சான்களுக்கு அத்தை. எந்த விசேசத்திலும் முதல் வரிசைப் பாயில் நட்ட நடுவில் உட்காருகிற உரிமை அவருடையது.

“பாட்டுப் பொட்டிங் அத்தை! நான் வெச்சது!” என்றார் மயில்சாமி.

“...ஒண்ணு நான்” என்றார் தங்கசாமி.

பசு உள்ளே வந்து போயிற்று. பால் பொங்கிற்று. இனி பெட்டிகளை நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. ஒயர் முடுக்க வந்திருந்த யாகப்பன் வலது மூலையில் மிக்கேலையும் இடது மூலையில் கபிரியேலையும் நிறுத்தினார். அர்த்தநாரி நாற்காலியைக் கொண்டுவந்து, கையால் முழம் போட்டு, நட்ட நடுவில் வைத்து உட்கார்ந்து, சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

சுவரில் மாமனார்.

கண்ணாடி போட்ட பெரிய படம். சந்தன மாலை. கீழே சின்ன விளக்கு. மீசை இந்தக் காதிலிருந்து புறப்பட்டு, அந்தக் காது அடுத்த ஊர் என்கிற மாதிரி நீண்டு கிடந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் மருமகனிடம் பேசியது ஒரே ஒரு சொல், ‘ம்’. சம்மதம் என்றால் ‘ம்’. சம்மதமில்லை என்றால் ‘ம்ம்’. பெண் கொடுத்தபோது இரண்டுக்கும் நடுவில் ஒன்று சொன்னார். அது எது என்று அர்த்தநாரிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் திரும்பிப் பூவாத்தாளைப் பார்த்தார். “நீங்கதானுங்களே தலையாட்டுனீங்க” என்றது பூவாத்தாளின் முகம்.

யாகப்பன் டெக்கில் கேசட்டைப் போட்டார். திருச்செங்கோட்டு ரெக்கார்டிங் கடையில் பொறுக்கி எடுத்துப் பதிந்த கேசட். முதல் பாட்டு முருகன் மேல், கட்டைக் குரல். மயில்சாமி மிக்கேலை ஒட்டி உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தங்கசாமி கபிரியேலிடம் காதைக் கொடுத்தார். அர்த்தநாரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பாடகர் வந்தார். வலப்பக்கம் போகவில்லை. இடப்பக்கம் சாயவில்லை. நேராக, சுத்தமாக, நட்ட நடுவில் வந்து, மாமனாரின் மீசைக்குள்ளிருந்து பாடினார்.

நாலு அடிவரை யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாவது அடியில், பாயின் நடுவிலிருந்து பெருமாயியின் கை மெல்ல எழுந்து படத்தைச் சுட்டியது.

“அடே மயிலு... உங்கய்யன் பாடறான்டா!”

“எங்கத்தே?”

“இங்க வந்து கேளுடா, அங்கயே குந்திக்கிட்டு!”

மயில்சாமி தாவி வந்தார். நடுவில் இருந்த ஒரே நாற்காலியில் அர்த்தநாரி இருந்தார். ஆகவே மயில்சாமி அர்த்தநாரியின் பாதி மேல் உட்கார்ந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்துத் தங்கசாமியும் ஓடிவந்து மீதிப் பாதியில் உட்கார்ந்தார். தகப்பன் போனபின் அண்ணனும் தம்பியும் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நடுவில் அர்த்தநாரிக்கு விலா எலும்பு இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

பாட்டு, படத்திலிருந்து வந்தது. மீசைக்கு அடியில் மூச்சு இழுத்தது. ‘முருகா’ என்று முடிக்கும்போது விளக்கு அசைந்ததில் உதடு அசைந்த மாதிரியே இருந்தது.

“ஐயன்...” என்றார் மயில்சாமி. கிசுகிசுப்பாக. வாழ்க்கையில் முதல்முறையாக.

“ஐயா!!!” என்று கத்தினார் தங்கசாமி. பந்தலில் வாழைமரத்தில் இருந்த காக்கை பறந்தது. பின்கட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள்.

“உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்தெ பேசுனதில்ல” என்று பெருமாயி கண்ணைத் துடைத்தார். “இப்பப் பாரு, முருகனக் கூப்புடறான். ஏன்டா, இது ஆரு பொட்டியில வருது?”

மயில்சாமி எழுந்து போய் மிக்கேலில் காதை வைத்தார். பிறகு கபிரியேலில் காதை வைத்தார். திரும்பி வந்து தம்பியின் தோளில் கைபோட்டார். “ரெண்டுலயும் வருது. ஆனா ரெண்டுலயும் இல்லீங்கத்தே” என்று அதே கிசுகிசுப்பில் சொன்னார். “அவனும் நானும் ஒண்ணு சேந்து வெச்சதால ஐயன் வந்துட்டாரு. மாப்ள அன்னிக்கே கையில காட்டுனாரு, எனக்குத்தான் புரியில.”

கதவோரம் யாகப்பன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அர்த்தநாரி பக்கம் பார்த்து, “நடுவுலெ ஆளு வந்துட்டாரா?” என்று வாயசைத்தார். அர்த்தநாரி இரண்டு மச்சான்களுக்கும் நடுவிலிருந்து ஒரு கையை உருவி, ‘அழுத்தத்தைக் குறை’ என்று ரிக் பாஷையில் காட்டினார். யாகப்பனுக்குப் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினார்.

முருகன் பாட்டு முடிந்தது. எல்லோரும் கைகூப்பியபடி காத்திருந்தார்கள்.

அடுத்தது அர்த்தநாரி தனக்கென்று ஆசையாகப் பதிந்துவைத்த பாட்டு. மழையில் நனைந்த ஒரு பெண், மாமனைக் கூப்பிட்டு, குளிருகிறது என்று கொஞ்சுகிற பாட்டு. அவள் வந்தாள். மூச்சு இழுத்தாள். நட்ட நடுவில் நின்று, சின்னுசாமியின் மீசைக்குள்ளிருந்து கொஞ்ச ஆரம்பித்தாள்.

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மாமனாருக்குக் குளிர் கூடிக்கொண்டே போயிற்று.

“இதென்ன கெரகம்!” என்றார் பெருமாயி. “செத்தும் அடங்குலியா இவன்? இந்த வயசுல ஆரெக் கூப்புடறான்?”

“நிறுத்துங்க!!!” என்று மயில்சாமிக்குப் பழைய குரல் திரும்பி வந்தது. “மாப்ள, ஐயன் பாடறாப்புல பாட்டாப் பாத்துப் போடுங்க! மருவாதி வேண்டாமுங்களா?”

“ஆமாங்க மச்சான்” என்றார் தங்கசாமி, மறுபடியும் யாருக்கும் கேட்காமல்.

அதன்பின் அமாவாசை வந்தால் இரண்டு மச்சான்களும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள், ஒரே வண்டியில். பெருமாயி முதல் வரிசை. முருகன் பாட்டு, சிவன் பாட்டு, கட்டைக் குரல் மட்டும். எந்தப் பெட்டி உசத்தி என்ற பேச்சு அந்த வீட்டில் பிறகு எழவே இல்லை. மிக்கேலின் வயிற்றுக்குள் இருக்கிற பலகை அர்த்தநாரிக்கும் யாகப்பனுக்கும், அரிசிபாளையம் சாமியாருக்கும் மட்டும் தெரியும்.

மற்ற நாளில் வீடு அர்த்தநாரிக்குத்தான். ரிக்கிலிருந்து வந்திருந்த ஒரு மத்தியானம், பூவாத்தாள் அடுப்படியில் இருக்கிற தைரியத்தில், மழைப் பாட்டை மெதுவாகப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வந்து மீசைக்குள் நின்றாள். கண்ணை மூடிப் பார்த்தார். மூடினாலும் மீசை தெரிந்தது. படத்தை நகர்த்த முடியாது. நகர்த்தினால் இரண்டு வண்டி நிறைய மச்சான்கள் இறங்குவார்கள்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. நாற்காலியோடு ஒரு சாண் இடதுபக்கம் நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். இன்னொரு சாண். அவள் மீசையை விட்டு வெளியே வந்து, சந்தன மாலையைத் தாண்டி, சட்டத்தைத் தாண்டி, வெள்ளைச் சுவரில் தனியாக, கொஞ்சம் கபிரியேல் பக்கம் சாய்ந்தாற்போல நின்றாள். சரியான நடு இல்லைதான். ஆனால் அவள்.

“ஏனுங்க!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “நாக்காலி இழுக்கற சத்தங் கேக்குது. எங்கய்யன வுட்டுப்போட்டு எங்க நவுந்து போறீங்க?”

அர்த்தநாரி உள்ளங்கையைக் குப்புறப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார்.

“கைய ஆட்டாதீங்க, எனக்குத் தெரியுது. வாயத் தொறந்து எங்கய்யங்கிட்டயே சொல்லுங்க.”

அர்த்தநாரி படத்தை நிமிர்ந்து பார்த்தார். படம் ‘ம்ம்’ என்றது. அவர் நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் சத்தமில்லாமல் வைத்தார். மழையில் நனைந்தவள் வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பி நடந்து, சட்டத்துக்குள் ஏறி, மாலையை விலக்கி, மீசைக்குள் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து குளிருகிறது என்றாள்.